பத்தனாவில் பெயர் தெரியாத பூ: கண்டவர்கள் பகிர்ந்தவை

ஹப்புத்தளைப் பக்கமிருந்து:

ஊவாவின் உலர் பத்தனா என்ற மலைப் புல்வெளியில் அறியாத பூ ஒன்று கண்ணில் பட்டால், அது புதிய இனமா என்று அறிய எல்லோரும் பூவைத்தான் படம் பிடிக்கிறார்கள். செடியின் அடியை யாரும் பார்ப்பதில்லை. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் இந்தப் புல்வெளிகள் எரிகின்றன. மேலே உள்ளதெல்லாம் கருகினாலும், மண்ணுக்குள் கிழங்கோ கட்டை போன்ற வேர்முண்டோ உள்ள செடிகள் மழை விழுந்ததும் துளிர்க்கும். சில இனங்கள் இலை முழுதாக விரியுமுன்னே பூத்துவிடும். எரிந்த சரிவில் சாண் உயரத்தில் நிற்பதும், தீ படாத பாறை ஓரத்தில் முழங்காலுக்கு மேல் வளர்ந்து நிற்பதும் ஒரே இனமாக இருக்கலாம். இலையின் அகலம், மயிர், பூந்துணரின் நீளம் எல்லாமே வேறுபட்டுத் தெரியும். ஒரே செடியை இரண்டு இனமாக எழுதிவிடும் பிழை இங்கேதான் தொடங்குகிறது. பிரேசிலின் செராடோ மேட்டுநிலத்திலும் இதே சிக்கல் உண்டு.

அதனால் எரிந்த இடத்திலும் எரியாத இடத்திலும் ஒவ்வொரு மாதிரி வேண்டும். அந்த இடம் கடைசியாக எப்போது எரிந்தது என்பதையும் அக்கம்பக்கத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேரோடு எடுப்பது ஒரு செடியை மட்டும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தித் தோண்டுங்கள். நெருங்கிக் குத்தினால் கழுத்தில் முறிந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். மொத்தம் இருபது செடிகூட இல்லையென்றால் தோண்டவே வேண்டாம். மண்ணை விலக்கி அளவுகோல் வைத்துப் படமெடுத்துவிட்டு மூடிவிடுங்கள். ஒதுக்கு வனத்திலோ தேசிய பூங்காவிலோ திணைக்கள அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. அனுமதி இலக்கம் பின்னால் புதிய இனமென்று அறிவிக்கும் கட்டுரையிலும் கேட்கப்படும்.

ஹக்கலையிலிருந்து:

அண்ணன் சொன்னது உலர் பத்தனா. நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஈரப் பத்தனாவில் பெரிய எதிரி மூடுபனி. பத்திரிகைத்தாளில் வைத்து அழுத்திய செடி இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். முதல் மூன்று நாளும் காலை, மாலை தாள் மாற்ற வேண்டும். நெளி அட்டை இடையில் வைத்து, 40–45 பாகை செல்சியஸ் சூடான காற்று ஓடவிட்டால் நல்லது. அடுப்பங்கரைச் சூட்டில் காயவைத்தால் இலை பொரிந்து உதிரும். மழை விடாவிட்டால் தாள்கட்டை பொலித்தீன் பையில் இட்டு 70 சதவீத எதனோல் ஊற்றி இறுகக் கட்டலாம். ஆனால் அந்த மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாலும் கைகூடாது. ஆகவே அதற்கு முன்பே இளம் இலைத் துண்டுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிடுங்கள். இலையின் எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா. ஒரு நாளுக்குள் இலை மொறுமொறுப்பாகக் காயாவிட்டால் சிலிக்காவை மாற்றுங்கள்.

காய்ந்தபின் திரும்பக் கிடைக்காதவற்றை அந்த இடத்திலேயே எழுதுங்கள்: அல்லியின் நிறம், வாசனை, பால் வடிகிறதா, தண்டு நான்கு பட்டையா உருளையா, பூ எந்நேரம் விரிகிறது. பினர என்ற பூவின் ஊதாவும் நீலமும் தாளில் மங்கிவிடும். போவிட்டியா என்ற புதரின் அல்லிகள் தொட்டாலே உதிரும். அந்தச் சாதியில் இனம் பிரிக்கப் பயன்படுவதோ புல்லிக் கிண்ணத்தின் மேலுள்ள மயிரும் செதிலும். பத்து மடங்கு கைவில்லை இல்லாமல் அதற்குப் போய்ப் பயனில்லை. காசித்தும்பை வகை என்றால் இரண்டு மூன்று பூக்களைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக விரித்து அழுத்துங்கள். முழுப் பூவை அழுத்தினால் கூழாகித் தாளோடு ஒட்டிவிடும். அதில் அளக்க ஒன்றுமே மிஞ்சாது. இன்னும் சில பூக்களை 70 சதவீத எதனோலில் சிறு போத்தலில் வைத்தால் நீள அகலத்தை நிதானமாக அளக்கலாம்.

பேராதனையிலிருந்து:

மாதிரி நன்றாக இருந்தாலும் ‘புதிது’ என்ற சொல்லை எழுதுமுன் மூன்று வாசல்களைத் தட்ட வேண்டும்.

முதலாவது, தோட்டத்திலிருந்து தப்பி வந்த செடியா? மலைநாட்டில் இதுதான் அதிகம். ஹோட்டன் சமவெளியில் மஞ்சளாய்ப் பூக்கும் முட்செடியான யூலெக்ஸ் ஐரோப்பாவிலிருந்து வந்தது. நீலப்பூ அரிஸ்டியா ஆபிரிக்காவிலிருந்து வந்து காட்டோரங்களில் பரவிவிட்டது. 1861இல் ஹக்கலைப் பூங்கா தொடங்கிய காலம் முதல் எத்தனையோ நாட்டுச் செடிகள் இந்த மலைகளில் நடப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது, நீலகிரி, பழனி, ஆனைமலைப் புல்வெளிகளில் ஏற்கனவே உள்ள செடியா? இலங்கைக்குப் புதிது என்பது வேறு, அறிவியலுக்கே புதிது என்பது வேறு.

மூன்றாவது, பழைய நூல்களும் மாதிரித் தாள்களும். இலங்கைத் தாவரங்கள் பற்றிய ட்ரைமனின் கைநூலும் 1980 முதல் வந்த அதன் திருத்திய தொகுதிகளும் ஆரம்பம்தான். விளக்கத்தை விளக்கத்தோடு ஒப்பிட்டு நின்றுவிடக் கூடாது. பேராதனைத் தேசிய ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் நெருங்கிய இனங்களின் மாதிரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே சேகரித்தவற்றில், இனத்தின் பெயருக்கு ஆதாரமான மூலமாதிரிகள் பல லண்டனில் இருக்கின்றன. அவற்றின் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பழைய தாளில் ஒரே ஒரு பூதான் இருக்கும், அதைப் பிய்க்க விடமாட்டார்கள். அதனால்தான் ஹக்கலை சொன்ன எதனோல் போத்தலை நானும் வற்புறுத்துகிறேன்.

ஒரே ஓர் அளவில் வேறுபாடு கண்டால் அது பெரும்பாலும் மண்ணும் தீயும் செய்த வேலை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பண்புகள், அதுவும் கேசரம், சூலகம், வித்து போன்றவற்றில், பல செடிகளில் மாறாமல் நின்றால் நம்பலாம்.

பெயர் செல்லுபடியாவதற்குச் சட்டங்கள் உண்டு. 2012 முதல் வேறுபடுத்தும் குறிப்பு இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். தமிழிலோ சிங்களத்திலோ மட்டும் எழுதினால் பெயர் செல்லாது. தமிழ் விளக்கத்தையும் சேர்த்தே வெளியிடத் தடையில்லை, வெளியிடவும் வேண்டும். ஹோலோடைப் எனப்படும் மூலமாதிரி ஒன்றுதான். அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும், இது 1990 முதலான விதி. இதில் அடிக்கடி நடக்கும் தவறு: புரட்டாதியில் எடுத்த பூவையும் மார்கழியில் எடுத்த காயையும் ஒரே மூலமாதிரியாகக் காட்டுவது. ஒரே புதரிலிருந்து எடுத்திருந்தாலும் அவை இரண்டு சேகரிப்புகள், இலக்கமும் இரண்டு.

வெலிமடையிலிருந்து:

சரியான ஆள்கூற்றை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடாதீர்கள். இலங்கைக்கே உரிய மஞ்சள் தரை ஓர்க்கிட் இப்சியாவை நாகமறு அல என்று கிழங்குக்காகத் தோண்டி அழிக்கிறார்கள். புதிய பெயர் வந்த செடிக்கு ஆள் இன்னும் சீக்கிரம் வருவார். ஆள்கூறு ஹெர்பேரியத் தாளில் இருக்கட்டும், கட்டுரையில் மலையின் பெயர் போதும். அழியும் நிலையைக் கணக்கிடுவோருக்கு ஒரு சொல்: 2 கிலோமீற்றர் கட்டத்தில் ஒரே ஓர் இடம் என்றால் பரப்பு 4 சதுர கிலோமீற்றர். அது 10 சதுர கிலோமீற்றர் வரம்புக்குக் குறைவு என்பதற்காக உடனே ‘மிக அருகிய இனம்’ என்று எழுத முடியாது. தொடரும் குறைவு போன்ற வேறு நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். பக்கத்து மலைகளையும் தேடிப் பார்த்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள்.

மறுபடியும் ஹப்புத்தளைப் பக்கமிருந்து:

பேராதனை சொன்ன இரண்டு சேகரிப்பு விதி குறிஞ்சி வகைகளில்தான் கடுமையாக இடிக்கும். 2013இல் ஹோட்டன் சமவெளியில் நெலு என்ற குறிஞ்சி வகை கூட்டமாகப் பூத்தது. பூத்துக் காய்த்ததும் செடி மடியும். அடுத்த பூவுக்குப் பன்னிரண்டு ஆண்டளவு காத்திருக்க வேண்டும். பூவில்லாத குறிஞ்சித் தாளை வைத்து யாராலும் உறுதியாக இனம் சொல்ல முடியாது. ஆகவே பூக்கும் மாதத்திலேயே செடிக்கு அடையாள நாடா கட்டி, கேசரம் இரண்டா நான்கா, அல்லிக்குழாயின் உட்புற மயிர் எந்தப் பக்கம் என்று எழுதி எடுங்கள். காய் முற்றி வெடிக்குமுன் அதே செடிக்குத் திரும்பிப் போய்த் தனி இலக்கத்தில் இரண்டாவது தாளை எடுங்கள். வெடித்த பிறகு போனால் வித்து ஒன்றுகூடக் கிடைக்காது.