அடாப்ஷனுக்கு ‘ஏற்பு’ போதுமா? மருத்துவ மின்னாவணச் சொற்கள் குறித்து

குழும அன்பர்களுக்கு வணக்கம். மருத்துவமனைக் கணினிப் பதிவு தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில், ‘அடாப்ஷன்’ (adoption) பற்றி அன்பர் ஒருவர் எழுதியதற்கு மறுமொழி இது.

> ‘அடாப்ஷன்’ என்பதற்கு ‘ஏற்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம். சிறிய சொல், எல்லோருக்கும் புரியும்.

ஐயா, சொல் சிறியது, அழகானது என்பதில் மறுப்பில்லை. ஆனால் அதை வேறொரு பொருளுக்கு ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். புதுத் தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை விளக்க 1989இல் ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் வகுத்ததைத் ‘தொழில்நுட்ப ஏற்பு மாதிரி’ என்றுதான் எழுதி வருகிறோம். அங்கே ஏற்பு என்பது மனத்தின் இசைவு. இது என் வேலைக்கு உதவும், இதைக் கையாள்வது எளிது என்று ஒருவர் கருதுவதிலிருந்து பிறப்பது. அடாப்ஷன் அப்படியன்று, அது செயல்: புதியதை எடுத்து நடைமுறையில் பயன்படுத்துவது. மருத்துவமனைக் கணினிகளைப் பற்றிய கட்டுரைகளில் இந்த இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிப்பவர் திணறிப்போவார். ‘தத்தெடுப்பு’ குழந்தைக்கு உரியது, அதைப் பேச வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியர் பணியில் இருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த மருத்துவமனையில் கணினிப் பதிவு வந்தபோது எங்கள் வார்டில் யாரும் முரண்டு பிடிக்கவில்லை. பயிற்சிக்குப் போனோம், நல்லது என்றே நம்பினோம். ஆனால் முப்பது படுக்கைகளுக்கு ஒரே கணினி, அதுவும் வார்டின் கோடியில். இரவுப் பணியில் காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் துண்டுச்சீட்டில் குறித்துப் பைக்குள் வைத்துக்கொள்வோம். விடிந்து, வேலை ஓய்ந்த பிறகுதான் அவை கணினியில் ஏறும். ஒரு நாள் காலைச் சுற்றுக்கு வந்த மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு, “இரவு முழுவதும் இவருக்குக் காய்ச்சலே பார்க்கவில்லையா?” என்று கேட்டார். நான்கு முறை பார்த்திருந்தேன். 102 வரை ஏறி இறங்கியிருந்தது. அத்தனையும் என் பைக்குள் சீட்டில் இருந்தன. பிறகு நான் ஏற்றியபோது நான்கு அளவுகளும் எட்டரை மணிக்கு எடுத்தவைபோலப் பதிவாயின. அந்த நோயாளியின் இரவு அந்த ஆவணத்தில் இல்லாமலே போயிற்று. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

எங்களிடம் ஏற்பு முழுமையாக இருந்தது. நாங்கள் கைக்கொள்ளவில்லை. ஆகவே அடாப்ஷனுக்குக் கைக்கொள்ளல் என்ற சொல்லை முன்வைக்கிறேன். நோன்பையும் கொள்கையையும் கைக்கொள்வதாகச் சொல்வது நம் பழைய வழக்கு. நாள்தோறும் கடைப்பிடிப்பது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. 1962இல் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் புதுமைகள் பரவுவதை விளக்கியபோது பிரித்த வகைகளுக்கும் இது வளைந்து கொடுக்கிறது: முந்திக் கைக்கொள்வோர், பிந்திக் கைக்கொள்ளும் பெரும்பான்மையர். பாதியில் நிறுத்தினால் அது கைவிடல். பழகிப் பழகித் தேர்ச்சி வந்துவிட்டால் கைவரல், ‘கைவந்த கலை’ என்கிறோமே, அதுதான். ஒரே வேரில் மூன்று நிலைகளும் கிடைக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்?

வாங்கி நிறுவுவது ஒன்று, பயன்படுத்துவது வேறொன்று என்பதைச் சட்டமே பேசியிருக்கிறது. அமெரிக்காவில் 2009இல் வந்த சட்டம், கணினிப் பதிவுக்கு மாறும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்குமான ஊக்கத்தொகையைப் ‘பொருளுள்ள பயன்பாடு’ (meaningful use) என்ற நிபந்தனையோடு இணைத்தது. ‘அர்த்தமுள்ள’ என்று எழுதினாலும் எனக்கு உடன்பாடே.

அடுத்து, ‘எலக்ட்ரானிக் மெடிக்கல் ரெக்கார்ட்’ என்பதற்குச் சொல்லப்படும் ‘மின்மருத்துவப் பதிவேடு’ பற்றி. இதில் எனக்கு இரண்டு தயக்கங்கள். பதிவேடு என்றால் வருகைப் பதிவேடுபோல ஒரே நூலில் பலர் பெயர் வரிசையாக இருப்பது. இங்கேயோ ஒரே ஆளின் பல நாட்கள். மேலும், மின் என்ற அடை மருத்துவத்தோடு ஒட்டினால் மருத்துவமே மின்வழியில் நடப்பதுபோல் ஆகிறது. மின்வடிவில் இருப்பது ஆவணம்தான். எனவே மருத்துவ மின்னாவணம். ஒரு மருத்துவமனைக்குள் அடங்காமல், நோயாளி போகும் இடமெல்லாம் உடன் செல்லும் விரிந்த வடிவத்துக்கு (‘எலக்ட்ரானிக் ஹெல்த் ரெக்கார்ட்’) நலவாழ்வு மின்னாவணம். இரண்டையும் பிரித்தே ஆள வேண்டும்.

எங்கள் துண்டுச்சீட்டைப் போன்ற வழக்கத்தை ஆங்கிலத்தில் ‘ஒர்க்கரவுண்ட்’ என்கிறார்கள். ‘குறுக்குவழி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்புகூர்ந்து அதை விட்டுவிடுங்கள். குறுக்குவழி என்றால் வேலையைத் தட்டிக்கழித்த பழி வந்து சேரும். நாங்கள் ஒரே வேலையை இரண்டு முறை செய்தோம். இருப்பதை வைத்து ஒப்பேற்றினோம். ஒப்பேற்றுவழி என்று சொல்லலாமா? மருத்துவ ஆய்வகங்களிலும் மருந்தகங்களிலும் பணியாற்றும் நண்பர்கள் தங்கள் இடத்தில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால், பட்டியலில் சேர்க்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.