முட்டை வடிவச் சட்டகமா, உளியின் கோடா?

மைப்புட்டி:
செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிடும் உருவப்படத்தில் இருப்பவருக்கு அதிகாரத் தோற்றம் எதனால் வருகிறது, சுற்றியுள்ள சட்டகத்தாலா, செதுக்கிய கோட்டாலா? ராபர்ட் நாந்தேய் 17ஆம் நூற்றாண்டு பிரான்சில் 200க்கும் மேற்பட்ட உருவப்படங்களை இப்படிச் செதுக்கியவர். வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான்: முட்டை வடிவச் சட்டகம், அதில் பெயரும் பதவியும், கீழே கல்பீடம், குலச்சின்னம். அமைச்சருக்கும் அதே, பேராயருக்கும் அதே. அந்தச் சட்டகத்துக்குள் என் மாமாவை உட்காரவைத்தால் அவரும் பேராயராகத்தான் தெரிவார். அதிகாரம் சட்டகத்தில் இருக்கிறது. கோடு வெறும் கைத்திறன்.

கல்தச்சன்:
மாமாவை உட்காரவையுங்கள், ஆனால் செதுக்குவது யார்? செப்பில் கோடு வெட்டும் ப்யூரின் உளி பேனா மாதிரி ஓடாது. உள்ளங்கையால் தள்ள வேண்டும். வளைவு வேண்டுமென்றால் தகட்டையே திருப்ப வேண்டும். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும், தயங்கினால் காட்டிக்கொடுத்துவிடும். நாந்தேய் பின்னணியை நெருக்கமான, ஒழுங்கான கோடுகளால் இருட்டாக்குவார். கன்னத்துக்கு வந்ததும் பொடிப்பொடியான கீறல், புள்ளி. அதனால்தான் முகம் உயிரோடு நம்மைப் பார்க்கிறது. சட்டகம் வாயிற்காவலர் மட்டுமே.

மைப்புட்டி:
தயங்காத கை செதுக்கியவருடைய அதிகாரம், உட்கார்ந்திருப்பவருடையது அல்ல. இரண்டையும் குழப்புகிறீர்கள்.

கல்தச்சன்:
குழப்பவில்லை, இரண்டும் ஒட்டியே வரும். பிரெஞ்சுச் செதுக்கர் க்ளோத் மெலான் 1649இல் செதுக்கிய இயேசு முகத்தைப் பாருங்கள்; இயேசுவின் முகத்தைத் துடைத்ததாகச் சொல்லப்படும் வெரோனிக்காவின் துணியில் பதிந்த முகம் அது. மூக்கு நுனியில் தொடங்கிச் சுருள் சுருளாக விரியும் ஒரே கோடு. அது தடித்து மெலிவதிலேயே கண், தாடி, முள்முடி எல்லாம் வந்துவிடுகின்றன. பீடமும் இல்லை, சின்னமும் இல்லை.

மைப்புட்டி:
நீங்களே மாட்டிக்கொண்டீர்கள் ஐயா! நேருக்கு நேர் பார்க்கும் முகம், நட்டநடுவில் மூக்கு. இது ஏற்பாடு இல்லாமல் வேறென்ன? அந்தக் கோட்டை வேறு எங்கிருந்து தொடங்கியிருந்தாலும் இந்தக் கம்பீரம் வந்திருக்காது.

பழையபேப்பர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இந்தச் சண்டைக்கென்றே ஒரு தகடு இருக்கிறது. ஃபிளெமிஷ் ஓவியர் வான் டைக் தன் முகத்தைத் தானே செப்புத் தகட்டில் வரைந்தார். தலை மட்டும், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் பார்வை, மற்றபடி வெற்றுத் தாள். 1641இல் அவர் இறந்தார். பிற்பாடு யாக்கோப் நேஃப்ஸ் என்ற செதுக்கர் அதே தகட்டில் அந்தத் தலைக்கு ஒரு மார்புச்சிலையும் பீடமும் சேர்த்துச் செதுக்கினார். 1645 பதிப்பில் அதுவே வான் டைக்கின் உருவப்படத் தொகுப்பின் முகப்புப் பக்கமானது. தலை அதேதான். எதில் அதிகாரம் அதிகம்?

மைப்புட்டி:
சந்தேகமே இல்லை, பீடம் வைத்ததில். முதல் படத்தில் யாரோ கூப்பிட்டதால் திரும்பிப் பார்க்கும் ஓவியர். இரண்டாவதில் ஒரு காலத்தின் தலைவர்.

கல்தச்சன்:
முதலாவது அமிலம் அரித்து வந்த கோடு, ப்யூரின் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம், பீடத்தில் ஏற்றியதும் அவர் சிலையாகிவிட்டார். அந்தத் திரும்பும் கழுத்து கல்லில் ஒட்டவே இல்லை, உற்றுப் பாருங்கள். வெற்றுத் தாளில் இருக்கும் ஆள்தான் நம்மை நிறுத்திவைக்கிறார். என் வீட்டுச் சுவரில் அதைத்தான் மாட்டுவேன்.

மைப்புட்டி:
சரி, மாட்டுங்கள். சட்டகம் போடாமலா?