மினி டிராக்டரில் கியர் லீவர் ஆடுகிறது, வண்டி நகரவில்லை – உதவி தேவை

தோப்புக்காரன்:
வணக்கம். 18 எச்.பி. மினி டிராக்டர், தென்னைக்கு நடுவில் களை ஓட்ட வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக வரப்பு ஏறினால் இரண்டாவது கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடும். கையால் லீவரை அழுத்திப் பிடித்தே ஓட்டினேன். நேற்று லீவர் சாம்பார் கரண்டி மாதிரி எல்லாப் பக்கமும் சுற்றுகிறது. எந்த கியரும் விழவில்லை. கிளட்ச்சை விட்டால் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துவிடுகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

பட்டறைக்காரர்:
கிளட்ச் மேல் பழி போடாதீர்கள் தம்பி. ஹை–லோ லீவரை (வேக ஓட்டம், மெது ஓட்டம் மாற்றும் இன்னொரு லீவர்) மட்டும் நியூட்ரலில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். வண்டி உருண்டால் கோளாறு மெயின் கியர் பெட்டியில்தான்.

தோப்புக்காரன்:
உருளுகிறது அண்ணா.

பட்டறைக்காரர்:
அப்போ இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்து பூட்டிக்கொண்டிருக்கும். லீவரின் அடி நுனி தேய்ந்து, கியர் ராடில் (லீவர் தள்ளும் கம்பி) உள்ள வெட்டிலிருந்து நழுவியிருக்கும். லீவரைப் போட்டு முறுக்காதீர்கள், ராடோடு சேர்ந்து கியரைத் தள்ளும் ஃபோர்க் வளைந்தால் செலவு எங்கேயோ போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, மேல் மூடியைச் சுற்றி இருக்கும் மண்ணை முதலில் துடைத்து எடுங்கள் (இதை யாரும் செய்வதில்லை, மண் அப்படியே உள்ளே போகும்). அப்புறம் போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ராடுகளை நெம்பி, எல்லா வெட்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். அதுதான் நியூட்ரல். தேய்ந்த நுனியை வெல்டிங் வைத்து, பழைய அளவுக்குக் கிரைண்டிங் செய்தால் போதும்.

கியர் தெறித்தது தனி வியாதி. ராடைப் பிடித்து நிறுத்தும் பாலும் (சின்ன இரும்புக் குண்டு) ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். கழற்றும்போது மேலே துணி போட்டுக்கொள்ளுங்கள், பால் துள்ளும்.

களத்துமேட்டுக்காரர்:
லீவர் அடியில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு அதில்தான் மழைத்தண்ணீர் இறங்கியது.

தோப்புக்காரன் (மூன்று நாள் கழித்து):
வண்டி ஓடுகிறது! அண்ணா சொன்னது அத்தனையும் சரி. லீவர் நுனி ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தது, லேத் பட்டறையில் சரிசெய்தாயிற்று. இரண்டாவது கியர் ராடின் ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது. ரப்பர் பூட்டும் கிழிசல்தான்.

துணி போட மறந்துவிட்டேன். பால் ஒரு துள்ளு துள்ளி நேராக கியர் பெட்டிக்குள் போய்விட்டது. டார்ச் அடித்துத் தேடினால் ஒன்றும் தெரியவில்லை, ஆயில் முழுக்க மோர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. எப்படியும் மாற்ற வேண்டிய ஆயில்தானே என்று அடி போல்ட்டைக் கழற்றி அன்னக்கூடையில் வடித்தேன். பாதி வடியும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம்.

பட்டறைக்காரர்:
சத்தம் ஒன்றுதானே கேட்டது? உடைந்த ஸ்பிரிங்கின் இரண்டு துண்டும் கையில் இருக்கிறதா?

தோப்புக்காரன்:
இரண்டும் இருக்கிறது அண்ணா, சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டேன்.