புதுப்பிப்பு: ராணுவத் தாத்தா வீட்டு வேலை

கண்ணிவெடியில் காலை இழந்த முன்னாள் ராணுவத் தாத்தாவின் பலகை வீட்டைச் சரிசெய்ய, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஆள் கேட்டிருந்தேன் அல்லவா? கூரைக்குப் புது ஜிங்க் தகடு போட்டாயிற்று.

சாய்தளம்தான் இழுத்துவிட்டது. வாசற்படி ஓரடி உயரம். சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவு, அதாவது 12 அடி நீளம் வேண்டும். முற்றத்தில் ஏது அவ்வளவு இடம்? கொத்தனார் அண்ணன் எல் வடிவில் மடக்கி, திரும்புமிடத்தைச் சமதளமாக விட்டார். சிமெண்டு காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடும் இழுத்தார், மழையில் வழுக்காமலிருக்க.

தாத்தா இரண்டாம் அவசரகாலத்தில் (1968–1989) கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களை எதிர்த்துக் காட்டுக்குள் போனவர். "தம்பி, மட்டம் பாருடா!" என்று எங்களையும் அணிவகுப்பு மாதிரித்தான் விரட்டினார்.

மிச்சம் குளியலறைக் கைப்பிடி. வெறும் பலகையில் முடுக்கினால் ஆள் எடைக்குப் பிடுங்கிக்கொள்ளும். பின்னால் குறுக்குக்கட்டை அடிக்கணும். ட்ரில் வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலை வாங்க. பசியாற நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) உண்டு.