டிவிப் பெட்டியில் எழுதியிருப்பது ஒன்றும் விளங்கவில்லை, எதைப் பார்த்து வாங்குவது?

கல்லடி டீச்சர்:

எங்கள் பழைய 32 அங்குல டிவியில் சித்திரை வருடப்பிறப்பன்று இடது பக்கம் ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. ஐந்து மாதமாக, நாடகத்தில் அந்தப் பக்கம் நிற்பவர் யார் என்று மாமி குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். புதிதாக ஒன்று வாங்குவதற்கு 160,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மட்டக்களப்பு நகரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பெட்டிகளில் அச்சிட்டிருந்ததை எல்லாம் மகனின் பழைய சி.ஆர். கொப்பியில் எழுதி வந்தேன். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது, விளங்கியது அங்குலம் மட்டும்தான். முதல் கடையில் "4கே, எச்டிஆர், 60 ஹெர்ட்ஸ்". அடுத்த கடையில் அதே விலைக்கு "மோஷன் ரேட் 240". அப்படியென்றால் இது நான்கு மடங்கு நல்லதா? பார்க்கும் கோணம் இரண்டிலும் 178 பாகை. இதற்கிடையில் பக்கத்து வீட்டு அண்ணன், "எங்கள் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் டிவி போட்டால் எரிந்துபோகும்" என்று பயமுறுத்துகிறார்.

வீட்டு நிலவரம்: டிவிக்கும் கதிரைக்கும் பத்து அடி. மாமி நடக்க மாட்டாதவர். அவருடைய கட்டில் அறை வாசலோரம் கிடக்கிறது, சரிவாகத்தான் பார்ப்பார். முன்கதவு கிழக்கே, காலை வெயில் நேராகத் திரையில் விழும். பார்ப்பது டிஷ்ஷில் நாடகமும் செய்தியும், யூடியூபில் பாடங்கள். மகனிடம் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது.

பாண்டிருப்பான்:

55 அங்குலமாக எடுங்கள் டீச்சர். எந்த அளவு வாங்கினாலும் ஒரு மாதத்தில் சின்னதாகத் தெரியும். மற்றதெல்லாம் கடைக்காரர் கதை.

களுவாஞ்சிகுடி திருத்துநர்:

தம்பி சொல்வதில் பாதி சரி, எல்லாமே கதை இல்லை.

முதலில் அந்த அண்ணனின் பயம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை டிவிக்குள் இருக்கும் பவர் போர்டு நேரோட்டமாக மாற்றிவிடும். பின்பக்க ஒட்டுத்தாளில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் போதும். முன்பக்கத்து 60 ஹெர்ட்ஸ் வேறு சங்கதி, திரை செக்கனுக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. "மோஷன் ரேட் 240" என்பது கம்பெனி தன் கணக்கில் பெருக்கிப் போட்ட எண். அந்த விலைக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே 60 ஹெர்ட்ஸ் பனல்தான். பிளேஸ்டேஷன் 4 செக்கனுக்கு 60 படத்துக்கு மேல் அனுப்பாது, ஆகவே மகனுக்கும் நட்டமில்லை. கேம் மோட், அதாவது பொத்தானை அமுக்கியதும் படம் தாமதிக்காமல் மாறும் வசதி, இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

4கே என்றால் 3840 × 2160 புள்ளிகள். டிஷ்ஷில் எச்டி அல்லாத அலைவரிசை 576 வரிதான். அதை 2160 வரிக்கு விரிப்பது நாலு முழத் துணியைப் பதினைந்து முழமாக இழுப்பது போல. முகமெல்லாம் குழைந்து தெரியும். திரை பெரிதாகப் பெரிதாக அந்தக் குழைவும் பெரிதாகும். அதனால்தான் 55 வேண்டாம் என்கிறேன். கடையில் கிளியும் பூவும் காட்டும் விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்காமல், நாடகம் போகும் அலைவரிசையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எச்டிஆர் என்பது கண் கூசும் வெளிச்சத்தையும் கடும் இருட்டையும் ஒரே படத்தில் காட்டும் முறை. பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். 250, 300 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டுமே உள்ள திரையால் அதைக் காட்ட முடியாது. உங்கள் காலை வெயிலுக்கும் அது மருந்தில்லை, கதவுக்குத் தடித்த சீலை ஒன்று போடுங்கள்.

உங்கள் வீட்டில் முக்கியமான விஷயம் மாமியின் கட்டில். அந்த 178 பாகையைக் கொப்பியிலிருந்து வெட்டிவிடுங்கள். அது படம் நன்றாகத் தெரியும் எல்லை இல்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் பத்துக்கு ஒன்றாக விழும் வரை அளந்த கோணம். அங்கே படம் வெளிறிப் போயிருக்கும். பனலில், அதாவது படம் தெரியும் திரைத் தட்டில், விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. விஏ பனல் நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பு, பக்கத்திலிருந்து பார்த்தால் சாயம் போன சேலை. ஐபிஎஸ் பனலில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் அடிக்கும், ஆனால் சரிவிலும் நிறம் நிற்கும். உங்களுக்கு இரண்டாவதுதான். எந்தப் பனல் என்று பெட்டியில் அநேகமாக எழுதமாட்டார்கள், போய் நின்று பார்ப்பதுதான் வழி.

காத்தான்குடி வாசகர்:

ஐப்பசி இடியையும் நினைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். போன வருடம் பிளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன், டிஷ் வயரை மறந்துவிட்டேன். இடி அதன் வழியாக வந்து, டிஷ் பெட்டியையும் டிவியின் எச்டிஎம்ஐ துளையையும் கொண்டுபோனது. மின்னல் வாரண்டியில் சேராது என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதைக் கடையிலேயே வாசியுங்கள்.

கல்லடி டீச்சர்:

மகனுடன் திரும்பவும் போனேன். டிவியிலிருந்து பக்கவாட்டாக ஐந்து எட்டு நடந்து, மாமியின் தலையணை உயரத்துக்குக் குந்தி இருந்தேன். தலைசுற்று என்று நினைத்துக் கடைப் பையன் தண்ணீர் கொண்டுவந்தான். "240" போட்டிருந்த டிவியில் செய்தி வாசிப்பவரின் முகம் சாம்பல் பூசியதுபோல ஆகிவிட்டது. முதல் கடையின் 60 ஹெர்ட்ஸ் டிவியில் அவருடைய சேலைக் கரை வரை நிறம் அப்படியே இருந்தது. அதில் 50 அங்குலம் எடுத்தோம். வாரண்டி அட்டையை வாசித்தேன் அண்ணன், அதிலும் மின்னல் இல்லை.

இன்னும் ஒரு கேள்வி. சுவரில் பொருத்துவதற்கு "வெசா 200 × 200" என்று போட்டிருக்கிறது. அது என்ன?

களுவாஞ்சிகுடி திருத்துநர்:

பின்பக்கத்து நான்கு துளைகளுக்கு இடையிலுள்ள தூரம், மில்லிமீட்டரில். தாங்கியும் அதே அளவுக்கு வேண்டும். மாரியில் ஈரம் ஊறும் சுவர் என்றால் மாட்டாதீர்கள், மேசையில் வைத்துப் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். கல்லடி உப்புக்காற்றில் பச்சை பிடித்த போர்டுகள் என் மேசையில் இப்போதும் இரண்டு கிடக்கின்றன.