உவர்மலை வீட்டார்: அப்பாவின் பார்க்கின்சன் குளிசை நேரம்

கலா (காலை 7.48)
இன்றும் அப்பா அறையிலிருந்து விறாந்தைக்கு வரும்போது கதவு நிலையடியில் அப்படியே நின்றுவிட்டார். கால் எழும்பவில்லை என்கிறார். நானும் நிரோஷனும் பிடித்துத்தான் கூட்டி வந்தோம்.

ராணி மாமி (7.55)
கலா, சொன்னால் கோபிக்காதே. வெள்ளிக்கிழமை கோணேசர் கோவில் படிகளை அண்ணா ஒருவருடைய கையையும் பிடிக்காமல் ஏறினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். படி ஏற முடிந்தவருக்கு வீட்டுச் சீமெந்துத் தரையில் நடக்க முடியாதா? மனம் வைக்கிறார் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

செந்தூரன் (ரொறன்ரோ) (8.02)
நேற்றுக் கதைக்கும்போது அப்பாவின் குரலும் மெலிந்திருந்தது. அக்கா, உனக்கு ஒரு காணொளி அனுப்புகிறேன். பூனைக்காலி விதைத் தூள் குடித்து ஒருவர் முழுவதும் சுகமாகிவிட்டாராம்.

விமலா சித்தி (8.20)
மச்சாள், அத்தான் மனம் வைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். கேட்க எனக்கு வேதனையாக இருக்கிறது. நீங்கள் பார்த்ததும் உண்மை, கலா சொல்வதும் உண்மை. பார்க்கின்சன் நோயே அப்படித்தான்.

நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறிய பகுதி உண்டு. அங்குள்ள கலங்கள் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரந்து, மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்புத் திரள்களுக்கு அனுப்புகின்றன. அந்தத் திரள்கள் எல்லா அசைவுகளையும் துறைமுகத்துப் படகுகளைப் போலக் கட்டி வைத்திருக்கின்றன. எந்த அசைவு வேண்டுமோ அதன் கயிறு மட்டும் அவிழ வேண்டும். அவிழ்க்க உதவுவது டோபமைன். அத்தானுக்கு அது போதாமல் இருக்கிறது. கால் தசையில் பலம் இருக்கிறது, நடக்க வேண்டும் என்ற விருப்பமும் இருக்கிறது, கயிறுதான் அவிழவில்லை.

சமதரையில் நாம் யோசிக்காமலே நடக்கிறோம். அந்தத் தானாக நடக்கும் நடைக்குத்தான் இந்தத் திரள்கள் அதிகம் தேவை. கோவில் படி அப்படியல்ல. அடுத்த காலை எங்கே வைப்பது என்று கண் பார்த்துச் சொல்கிறது, மூளை வேறு வழியால் காலை எடுக்கிறது. குறுகிய கதவு நிலையில் நின்றுபோவதும் இந்த நோயாளர்களிடம் வழக்கமாகக் காண்பதுதான்.

அந்தக் கலங்களில் கணிசமான பங்கு அழிந்த பிறகுதான் நடுக்கமும் மந்தமும் வெளியே தெரியவரும். நினைத்துப் பாருங்கள், அக்கா இருந்த காலத்திலேயே அத்தான் கருவாடு பொரிக்கும் வாசனை தெரியவில்லை என்பார். மணம் குறைவது, மலச்சிக்கல், எழுத்துச் சிறுப்பது எல்லாம் முன்கூட்டியே வரக்கூடியவை.

நிரோஷன் (8.24)
அப்படியானால் தரையில் கோடு போட்டால் தாத்தா நடப்பாரா பாட்டி?

விமலா சித்தி (8.26)
கெட்டிக்காரன். பலருக்கு அது உதவுகிறது. விறாந்தையில் ஓர் எட்டுத் தூரத்துக்கு ஒன்றாக, தரை நிறத்துக்கு மாறான ஒட்டுநாடாவைக் குறுக்கே ஒட்டு. கதவு நிலையடியில் கட்டாயம் ஒன்று. தாத்தா நின்றுபோனால் இழுக்காதே, விழுந்துவிடுவார். "கோட்டைத் தாண்டுங்கள்" என்று மட்டும் சொல்.

செந்தூரன் (8.31)
சித்தி, பூனைக்காலி? இயற்கையான பொருள்தானே, கொடுத்துப் பார்ப்பதில் என்ன?

விமலா சித்தி (8.50)
தம்பி, அந்த விதையில் மருந்து இருப்பது உண்மை. லெவோடோப்பா, மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் பொருள். 1937 இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அப்பா குடிக்கும் குளிசையில் இருப்பதும் அதே பொருள்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கூடினால் உடல் தானாக நெளியும், வாந்தி வரும், இல்லாத உருவங்கள் தெரியும்.

இயற்கை என்றால் மென்மையானது என்று நினைக்காதே. நம் பக்கத்து மூலிகையான சர்ப்பகந்தாவிலிருந்து வருவது ரெசெர்பின். சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசையாமல் கிடந்தன, ஏனென்றால் மூளையில் டோபமைன் தீர்ந்துவிட்டது. லெவோடோப்பா கொடுத்ததும் சற்று நேரத்தில் எழுந்து நடமாடின. அது 1957. மூன்று ஆண்டுகள் கழித்து வியன்னாவில் ஏரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் இறந்த நோயாளரின் மூளையை ஆராய்ந்து, டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 1960களின் பிற்பகுதியில் கோட்சியாஸ் என்ற வைத்தியர் அமெரிக்காவில் லெவோடோப்பாவை வாய்வழியாகச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து நோயாளரை நடக்க வைத்தார். கார்ல்சனுக்கு 2000 இல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை பேர் அளவை எடைபோட்டுத்தான் இந்தக் குளிசை நம் கைக்கு வந்தது. தூளில் அந்த எடை இல்லை. இருக்கும் கலங்களை இது காப்பாற்றும் என்றோ நோயை மாற்றும் என்றோ நான் சொல்லமாட்டேன், ஆனால் அத்தானுக்கு நடமாட்டத்தைத் தருவது இதுதான்.

கலா (8.57)
சித்தி, இப்போது காலைச் சாப்பாட்டோடுதான் கொடுக்கிறேன். இடியப்பமும் மீன் சொதியும்.

விமலா சித்தி (9.05)
அங்கேதான் கவனம் வேண்டும். டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது, அதனால்தான் லெவோடோப்பாவாகக் கொடுக்கிறார்கள். வழியிலேயே உருமாறி வீணாகாமல் இருக்க அதே குளிசையில் கார்பிடோப்பாவும் இருக்கிறது. மீன், முட்டை, பருப்பிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோப்பாவோடு போட்டி போட்டு முந்திக்கொள்ளும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கொடு. குமட்டினால் வெறும் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் போதும். மீனை நிறுத்தாதே, ஆள் மெலிந்துவிடுவார். இரவுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கலாமா என்று கிளினிக்கில் கேள். நேரம் தவறாதே. குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் காய்ச்சலும் கடும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ராணி மாமி (9.12)
நான் மனம் நோகச் சொல்லவில்லை விமலா. இனி அப்படிக் கதைக்கமாட்டேன். இன்னொன்று கேட்கிறேன். அண்ணாவுக்குத் தலைச்சுற்று வந்தபோது பாமசியில் ஒரு குளிசை தந்தார்கள். இன்றும் குடிக்கிறார். அதையும் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பதா?

விமலா சித்தி (9.13)
பெயர் என்ன மச்சாள்? அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ராணி மாமி (9.19)
சின்னரிசின்.

விமலா சித்தி (9.24)
தலைச்சுற்றுக்கு நல்ல மருந்து, ஆனால் டோபமைனைப் பெறும் இடங்களையே அது அடைத்துவிடக் கூடியது. பார்க்கின்சன் உள்ளவருக்கு விறைப்பைக் கூட்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் புரோகுளோர்பெரசினும் அதே வகை. கலா, கிளினிக் நாள் வரை காத்திருக்காதே. அட்டையை எடுத்துக்கொண்டு இன்றே வைத்தியரிடம் போ. தலைச்சுற்று எழும்பும்போது வருகிறதா என்றும் சொல், படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்.

கலா (9.27)
11 மணிக் குளிசையைக் கொடுத்துவிட்டு ஓட்டோவில் கூட்டிப் போகிறேன்.

நிரோஷன் (9.31)
மஞ்சள் ஒட்டுநாடா வாங்கப் போகிறேன். மாமி வீட்டுக்கும் வேண்டுமா? தாத்தா ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்கு வருவாரே.

ராணி மாமி (9.32)
வாங்கி வா மகன். முன்வாசலுக்கும் கிணற்றடிப் பாதைக்கும் காணுமாக.