திருமலையில கைகூப்பி நிக்கிற கிருஷ்ணதேவராயர், பீஜாப்பூர் சுல்தானை ஏன் தன் கால்ல முத்தமிடச் சொன்னாரு?

மயிலை_மாடவீதி:
போன வாரம் மாதவரத்துல பஸ் ஏறி குடும்பத்தோட திருப்பதி போயிட்டு வந்தோம். மகாத்வாரம் தாண்டினதும் வலது பக்க மண்டபத்துல கிருஷ்ணதேவராயர் செம்புச் சிலை, கூடவே திருமலாதேவி, சின்னாதேவி, மூணு பேரும் கைகூப்பி நிக்கிறாங்க. பின்னாடி கூட்டம் தள்ளுது, பத்து செகண்ட் பாத்திருப்பேன், ஆனா அந்த உயரமான குல்லாவும் கூப்பின கையும் இன்னும் கண்ணுலயே இருக்கு.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா வேற ஒரு மனுஷன் வர்றாரு. 1520ல ராய்ச்சூர்ல பீஜாப்பூர் சுல்தான் இஸ்மாயில் ஆதில் ஷாவை ஜெயிச்சப்புறம், சமாதானம் பேச வந்த தூதரை ஒரு மாசத்துக்கு மேல பாக்காமலே காக்க வெச்சு, அப்புறம் கூப்பிட்டு, உங்க சுல்தான் வந்து என் கால்ல முத்தமிட்டா புடிச்சதையெல்லாம் திருப்பித் தர்றேன்னாராம். பக்கத்து ராஜ்யத்தோட ராஜாகிட்ட யாராவது இப்படிக் கேப்பாங்களா? ஜெயிச்ச மமதையா, இல்ல உள்ள வேற கணக்கு இருந்துச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நெஜமாவே மனசு கேக்கல.

கன்னிமரா_ரீடர்:
முதல்ல இது யார் சொன்ன கதைன்னு பாக்கணும். பெர்னாவ் நூனிஸ்னு ஒரு போர்ச்சுகீசியர், குதிரை வியாபாரி, 1535 வாக்குல விஜயநகரத்துல தங்கியிருந்தவர். ராயர் 1529லயே போயிட்டாரு. அதாவது சம்பவம் நடந்து பதினஞ்சு வருஷம் கழிச்சு ஊர்ல காதால கேட்டதை எழுதினவரு. அதுக்காக பொய்னு தள்ள முடியாது, ஆனா தூதர்கிட்ட சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இதுதான்னு நம்பவும் வேணாம்.

சண்டைக்குக் காரணமா அவர் சொல்றதும் குதிரைதான். ராயர் ஒரு முஸ்லிம் வியாபாரி கையில 40,000 வராகன் குடுத்து கோவாவுல குதிரை வாங்கிட்டு வான்னு அனுப்புறாரு, அந்த ஆளு பணத்தோட ஆதில் ஷா பக்கம் போய் சேந்துட்டாரு. ஆளையும் பணத்தையும் அனுப்புங்கன்னு ராயர் கேட்டாரு, அவங்க அனுப்பல. இதை சாக்கா வெச்சு ராய்ச்சூர் மேல படையெடுத்தாரு. சாக்குன்னு ஏன் சொல்றேன்னா, கிருஷ்ணாவுக்கும் துங்கபத்திராவுக்கும் நடுவுல இருக்குற அந்த மண்ணுக்காக பீஜாப்பூருக்கு முன்னாடி அங்க ஆண்ட பாமினி சுல்தான்கள் காலத்துலேர்ந்தே ரெண்டு பக்கமும் மாறி மாறி அடிச்சுக்கிட்டு இருந்தாங்க, முத்கல் கோட்டையும் ராய்ச்சூர் கோட்டையும் யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் அந்த நடு நாடு.

இப்ப தூதர் என்ன கேட்டாருன்னு பாருங்க. பீரங்கி, கூடாரம், குதிரை, யானை, அதோட ராய்ச்சூரும் திரும்ப வேணுமாம். தோத்தவங்க ஜெயிச்சவன்கிட்ட மொத்தத்தையும் கேக்குறாங்க. குடுக்க மாட்டேன்னு நேரா சொல்றதுக்குப் பதிலா, எதிராளி ஒத்துக்கவே முடியாத ஒரு விலையைச் சொல்லிட்டாருன்னுதான் எனக்குத் தோணுது.

குரோம்பேட்டை_தமிழம்மா:
ரீடர் சார் குதிரை பத்திச் சொன்னது ரொம்ப சரி. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பத்தி ராயர் தெலுங்குல எழுதின ஆமுக்தமால்யதாவுலயே ராஜநீதி சொல்ற பகுதி ஒண்ணு உண்டு. யானையும் நல்ல குதிரையும் கொண்டு வர்ற தூர தேசத்து வியாபாரிகளுக்கு ஊரும் வீடும் குடுத்து, தினம் பாத்துப் பேசி, லாபமும் விட்டுக் குடுத்து உன்னோடயே வெச்சுக்கோ, அப்பதான் அந்தச் சரக்கு எதிரிகிட்ட போகாதுன்னு எழுதியிருக்காரு. பாவை பாடினவளைப் பத்தி எழுதும்போதுகூட அந்த மனுஷனுக்கு குதிரை ஞாபகம்! முன்னாடி ஆண்ட சாளுவ நரசிம்மர், கடல்ல செத்துப்போன குதிரைக்குக்கூட வாலைக் காட்டினா காசு குடுத்தாருன்னு அதே நூனிஸ் எழுதுறாரு. குதிரைக்கு அவ்வளவு தவிப்பு இருந்த நாட்டுல, குதிரைப் பணத்தோட ஓடினவனுக்கு பக்கத்து ராஜா அடைக்கலம் குடுத்தா அது சின்ன விஷயமா?

கால் விஷயத்துக்கு வர்றேன். நம்ம கல்வெட்டுகள்ல மத்த ராஜாக்கள் அடிபணிஞ்சாங்கன்னு சொல்லாத ராஜா யாரு? அன்னிக்கு அது 'நீ எனக்குக் கீழ'ன்னு எல்லாருக்கும் புரியிற பாஷை. பிள்ளைங்களுக்கு மெய்க்கீர்த்தி நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்லுவேன்.

பெரம்பூர்_லோகோ:
அம்மா, ரீடர் சார், ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க, நீங்க அவரை ரொம்ப நல்லவரா ஆக்குறீங்க. விலை மட்டும் சொல்லிட்டு சும்மா இருந்திருந்தா சரி. ஆதில் ஷா எல்லையில வந்து முத்தமிடுறேன்னு சொன்னதும் நிஜமாவே படையோட முத்கல் வரைக்கும் போனாரே, அங்க ஆள் வரலைன்னதும் பீஜாப்பூருக்குள்ளயே புகுந்தாரே. நகரத்தை இடிக்கச் சொல்லி ராயர் உத்தரவு போடலன்னு நூனிஸே சொல்றாரு, ஆனா படைக்காரங்க அடுப்பெரிக்க விறகு வேணும்னு வீடு வீடா பிரிச்சுட்டாங்க. ஒரு ஊரே சோத்து அடுப்புல எரிஞ்சு போச்சுங்க. உத்தரவு போடலன்னா பழி இல்லையா?

அதவிட சலாபத் கான் விஷயம். ராய்ச்சூர்ல புடிபட்ட ஆதில் ஷாவோட தளபதி, விஜயநகரத்துல கைதியா இருந்தாரு. ஆதில் ஷா வராததுக்கு இவர் எழுதின கடிதம்தான் காரணம்னு ஆதில் ஷாவோட இன்னொரு ஆளு அசத் கான் வந்து கோள் சொன்னாரு, ராயர் விசாரிக்காமலே தலையை வெட்டச் சொல்லிட்டாரு. அப்புறம் அசத் கான் ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனப்பதான் ஏமாந்தது புரிஞ்சுது. கணக்கு போடுற ராஜா இப்படி மாட்டுவாரா? அந்த நேரத்துல அவரை நடத்தினது ரோஷம்தான்.

கன்னிமரா_ரீடர்:
லோகோ ப்ரோ, சலாபத் கான் விஷயத்துல நீங்க சொல்றது சரி, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆரம்பத்துல கணக்காவே இருந்தாலும் முத்கல்ல காத்துக்கிட்டு நின்ன நாள்ல அது கௌரவப் பிரச்சனையா மாறியிருக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சேத்துக்கங்க, பின்னாடி பீஜாப்பூர் அரசவையில இருந்த பெரிஷ்டா பாரசீகத்துல எழுதின வரலாறு வேற மாதிரி போகுது, அதுல கோட்டைகளை மீட்கணும்னு கெளம்பினதே இஸ்மாயில்தான், குடிச்ச வேகத்துல ஆத்தைத் தாண்டி மாட்டிக்கிட்டாருன்னு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க.

மயிலை_மாடவீதி:
எல்லாருக்கும் நன்றி. சலாபத் கான் பேரையே நான் இப்பதான் கேக்குறேன், ராத்திரி தூக்கம் வரல. தமிழம்மா, அந்த ராஜநீதிப் பகுதிக்கு தமிழ்ல உரை ஏதாவது இருந்தா பேரு சொல்லுங்க, சனிக்கிழமை லைப்ரரி போறேன்.